பாப்கேட்ல ஃபோர்க் மாட்டி பேலட் தூக்கினா பின்சக்கரம் எந்திரிக்குது, என்ன பண்றது?

உடுமலை_நார்மில்:
வணக்கமுங்க. உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்கு தென்னைநார் மில்லு, கூடவே பித் (நார் எடுத்தப்புறம் மிஞ்சற தூளு) ப்ளாக் போடுற யூனிட்டும் இருக்குதுங்க. களத்துல காயப் போட்ட பித்தைக் குவிக்கறது, மெசின்ல கொட்டறது எல்லாத்துக்கும் ஒரு பாப்கேட், அதாவது முன்னாடி பக்கெட் வச்ச குட்டை லோடர் வண்டி, வச்சிருக்கோம். செகண்ட் ஹேண்ட் வண்டி, வெயிட்டு 2800 கிலோ, ப்ளேட்டுல ஆர்ஓசி (இவ்வளவுதான் தூக்கலாம்னு கம்பெனி சொல்ற எடை) 800 கிலோன்னு அடிச்சிருக்குது. பித்து லேசுங்கறதால பெரிய பக்கெட்டா மாட்டி ஓட்டிட்டு இருந்தோம், ஒரு தொந்தரவும் இல்லீங்க.

இப்ப வந்திருக்கற ஆர்டருக்கு 5 கிலோ ப்ளாக்கை பேலட்ல (மரத் தட்டுல) அடுக்கி ஃபிலிம் சுத்தி கன்டெய்னர்ல ஏத்தணும். பேலட்டுக்கு 220 ப்ளாக்கு, 1100 கிலோ வந்துருது, கட்டை ஒரு 20 கிலோ தனி. ஃபோர்க்லிஃப்ட் கிடையாது, அதனால பாப்கேட்டுக்கே ஃபோர்க் (பேலட்டுக்கு அடியில நுழையற இரும்புக் கை) வாங்கி மாட்டினோம். நல்லாத்தான் தூக்குது. ஆனா குடோன்ல இருந்து களத்துக்கு ஒரு ராம்ப் இருக்குதுங்க, 6 அடிக்கு 1 அடி இறக்கம் இருக்கும். கீழ முடியற எடத்துல ஃபோர்க் தட்டுதுன்னு டிரைவர் பையன் பேலட்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கிட்டு இறங்குனான், பாதில பின்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல நின்னுருச்சு. ஆர்மை (ஃபோர்க்கைத் தூக்கற கையை) கீழ விட்டுத்தான் தப்பிச்சான். ஒரு பேலட் ப்ளாக்கும் நொறுங்கிப் போச்சு, அது கெடக்குது.

லோடு ஏத்தற ஆளுங்க பின்னாடி ரெண்டு பேரு ஏறி நின்னா சரியாப் போகும்ங்கறாங்க. எங்கப்பா பின்னாடி இரும்பை வச்சு வெல்டு அடிச்சுரலாம்ங்கறாரு. எனக்கு என்ன சந்தேகம்னா, 800 கிலோன்னு போட்ட வண்டி சமதளத்துல 1100ஐ அலுங்காம தூக்கிருதே, அப்ப அந்த 800 கம்பெனிக்காரன் சும்மா கொறச்சுப் போட்டதுங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சூளைக்காரன்:
தலைவரே இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய பதிவு. எங்க சூளைல பின்னாடி மணல் மூட்டை கட்டி வருஷக்கணக்கா ஓடுது, ஒண்ணும் ஆகல. ராம்ப்ல மெதுவா வரச் சொல்லுங்க போதும். ப்ளேட்ட பாத்துக்கிட்டு இருந்தா தொழில் பண்ண முடியாது.

தோஹா_ஆப்பரேட்டர்:
மணல் மூட்டை கதைய விடுங்க, மொதல்ல ராம்ப் விஷயத்த முடிச்சிருவோம், ஏன்னா அதுதான் ஆள கொல்லும். பையன் மூக்கு கீழ பாக்க இறங்கியிருக்கான், லோடையும் தூக்கி வச்சிருக்கான், ரெண்டும் சேந்தா கவுறத்தான் செய்யும், மெதுவா வந்தாலும் கவுறும்.

நான் கத்தார்ல இந்த வண்டிதான் ஓட்டுனேன், அங்க ஆப்பரேட்டர் சர்ட்டிபிகேட் டெஸ்ட்ல மொதல்ல கேக்குற கேள்வியே இதுதான். கனமான பக்கம் எப்பவும் மேட்ட பாத்து இருக்கணும். இவ்வளவுதான் ரூலு. வெறும் வண்டில எஞ்சின் பின்னாடி கெடக்கு, மொத்த வெயிட்டுல கிட்டத்தட்ட 70 சதம் பின்சக்கரத்துல உக்காந்திருக்கு, அதனால வெறும் வண்டிய ரிவர்ஸ்ல மேல ஏத்தணும், நேரா கீழ இறக்கணும். லோடு ஏறிட்டா வெயிட்டு முன்சக்கரத்துக்கு வந்துரும், அப்ப அப்படியே உல்டா, நேரா ஏத்து, ரிவர்ஸ்ல இறக்கு. நம்ம ஊர்ல டிராக்டர் ஓட்டி பழகுன பயலுவ ரிவர்ஸ்ல இறங்குறத கேவலமா நெனைக்கானுவ, அது என்ன மானக்கேடோ எனக்கு வெளங்கல.

ராம்ப்புக்கு குறுக்கால போவக்கூடாது, ராம்ப் நடுவுல திருப்பவே கூடாது. லோடு தரைய ஒட்டி ஒரு சாண் உயரத்துல இருந்தா போதும். ஃபோர்க் தட்டுதுன்னா ராம்ப் முடியுற எடத்துல காங்கிரீட்ட கொஞ்சம் நீட்டி சரிவ சாய்ச்சு விடுங்க, ஃபோர்க்க தூக்குறது அதுக்கு மருந்து இல்ல.

இன்னொண்ணு, பின்சக்கரம் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே வண்டி சொல்லிரும். இது நாலு சக்கரத்தையும் இழுத்து தேச்சு திரும்புற வண்டிங்கறதால திருப்புறப்ப ஒரு முரண்டு இருக்கும். லோடு ஓவராயிட்டா பின்னாடி லேசாகி, முன்சக்கரத்து மேல பம்பரமாட்டம் சொய்ங்னு சுத்தும். அந்த லேசு தெரிஞ்சா அப்பவே லோட கீழ வைக்கணும். ஒங்க பையன்கிட்ட கேட்டுப் பாருங்க, அன்னைக்கு குடோனுக்குள்ள திருப்பும்போதே வண்டி லேசா இருந்துச்சான்னு.

நெம்புகோல்:
நான் மெக்கானிக்கல் படிச்சவன், பாப்கேட் ஓட்டத் தெரியாது, ஆனா கணக்கு போடத் தெரியும்.

800 சும்மா போட்டதில்ல. இந்த வண்டிங்களுக்கு கவுற வெயிட்டுன்னு ஒண்ணு இருக்கு, சமமான கெட்டி தரையில ஆர்ம் முன்னாடி அதிகபட்சம் நீண்டு நிக்கிற நிலைமையில எத்தனை கிலோ வச்சா பின்சக்கரம் தூக்குதுன்னு பாப்பாங்க. ஐஎஸ்ஓ 14397-1ங்கற சர்வதேச தர விதிப்படி டயர் வச்ச ஸ்கிட் ஸ்டீருக்கு (பாப்கேட் மாதிரி வண்டிக்கு) அதுல பாதிதான் ஆர்ஓசி. செயின் ட்ராக் வச்ச வண்டிக்கு 35 சதம். அதாவது உங்க வண்டி 1600 கிட்டதான் கவுறும், அதனாலதான் 1100 சமதளத்துல அலுங்காம வருது. மீதி பாதி உங்களுக்கு போனஸா குடுத்தது இல்ல, பள்ளம், பிரேக், சரிவு, திருப்பம் எல்லாம் தின்னுறதுக்கு விட்டு வச்சது.

அடுத்தது, அந்த 1600 பக்கெட்டுக்கு. ஃபோர்க்குக்கு இல்ல. தூக்குக்கோல்ல குண்டு ஒரே குண்டுதான், அதைத் தள்ளி வைக்க வைக்க அதிக எடையைத் தாங்குது இல்லையா, இங்க முன்சக்கரம்தான் பிடிகயிறு, லோடு முன்னாடி தள்ளித் தள்ளிப் போக அதே கிலோ அதிகமா இழுக்கும். தோராயமா போடுறேன், உங்க வண்டி மேனுவல்ல சரியான அளவு இருக்கும். 2800 கிலோல 70 சதம் பின்னாடி, ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல 1 மீட்டர்னு வச்சா வண்டியோட பிடிமானம் 1960 (கிலோவை மீட்டரால பெருக்கினது). பக்கெட்ல இருக்கற சரக்கோட நடு முன்சக்கரத்துல இருந்து 1.2 மீட்டர்னா 1960ஐ 1.2ஆல வகுத்தா 1630, பாதி 815, உங்க ப்ளேட்டோட கிட்டத்தட்ட ஒத்துப் போகுது பாருங்க.

ஃபோர்க்ல 1.2 மீட்டர் ஆழமான பேலட் வச்சா அதோட நடு 1.4 மீட்டருக்குப் போயிரும். கவுற வெயிட்டு 1400, பாதி 700. பேலட் ஃபோர்க்கோட முதுகுல போய் முட்டாம ஒரு 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு தூக்கினீங்கன்னா 1225தான். 1120 கிலோ பேலட்டை வச்சுக்கிட்டு நீங்க எவ்ளோ ஓரத்துல நின்னுட்டு இருக்கீங்கன்னு இப்ப தெரியும்.

இனி ராம்ப். வண்டியோட எடை மையம் தரையில இருந்து 60 சென்டிமீட்டர்னு வச்சுக்கறேன், இடுப்பு உயர பேலட்டோட மையம் ஒண்ணரை மீட்டர் இருக்கும். 6க்கு 1 சரிவுல மூக்கு கீழ பாத்தா வண்டியோட எடை மையம் முன்சக்கரத்த நோக்கி வருது, பேலட் இன்னும் முன்னாடி சாயுது, ரெண்டும் ஒரே பக்கம் வேலை செய்யும். 1020 கிலோ கிட்டயே கவுறணும். நீங்க வச்சிருந்தது 1120. அதான் எந்திரிச்சுது, பையன் மேல தப்பு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, கணக்கே அவனுக்கு எதிரா இருந்துச்சு.

அதே பேலட்டை தரையை ஒட்டி இறக்கி, ரிவர்ஸ்ல இறங்கினா, ஆர்ம் உள்ள வந்துரும், சரிவும் உங்க பக்கம் வேலை செய்யும், கவுற வெயிட்டு 2200 தாண்டுது. மூக்கு கீழ பாத்து ஆனா லோட மட்டும் தாழ்த்தினா 1300 கிட்ட, அது பிரேக் புடிச்ச ஒரு குலுக்கல்ல போயிரும். தோஹாக்காரர் சொன்ன ரூலு நூத்துக்கு நூறு சரி.

உடுமலை_நார்மில்:
ரொம்ப நன்றிங்கண்ணா ரெண்டு பேருக்கும். பையன்கிட்ட கேட்டேனுங்க, குடோனுக்குள்ள திருப்பறப்பவே வண்டி வழுக்கிட்டு சுத்துச்சாம், நல்லாத் திரும்புதுன்னு சந்தோசப்பட்டிருக்கறான்.

ரெண்டு சந்தேகமுங்க. கவுறது ஆர்ம் பாதி உயரத்துல இருக்கறப்பத்தான் அதிகமா தெரியுது, முழுசா மேல போயிட்டா கொஞ்சம் பரவால்ல மாதிரி இருக்குது, அது எப்படிங்க? அப்புறம் அந்த ஆளு ஏறி நிக்கறதும் வெல்டிங்கும்.

நெம்புகோல்:
மொத கேள்விக்கு: ஆர்ம் ரெண்டு விதம். ஒண்ணு பின்னாடி ஒரே பின்னுல ஆடுறது, அது வட்டமா வளைஞ்சு மேல போகும், அதனால பாதி உயரத்துலதான் முன்னாடி ரொம்ப நீளும், மேல போக போக திரும்ப உள்ள வரும். இன்னொண்ணு லிங்க் வச்சு நேரா செங்குத்தா ஏறுறது, அது மேல போன பிறகுதான் நல்லா எட்டும், லாரி டிப்பர்ல கொட்ட அது சௌகரியம். உங்களது மொத வகைன்னு தோணுது. கன்டெய்னர் தரை ட்ரெய்லர் மேல இருக்கும்போது தரையில இருந்து 1.2லேர்ந்து 1.5 மீட்டர் வரும், அது உங்க ஆர்ம் ரொம்ப நீளுற உயரத்துக்கு பக்கத்துல. அதனால ராம்ப்ல மட்டும் இல்ல, கன்டெய்னர் வாசல்லயும் நீங்க கவனமா இருக்கணும்.

ஆளு நிக்கறது: ரெண்டு பேரு 130 கிலோன்னு வச்சு, முன்சக்கரத்துல இருந்து பின்னாடி ஒண்ணரை மீட்டர் சொச்சம் தள்ளி நின்னாலும், ஃபோர்க்ல 150 கிலோ கூடுதலா தாங்கும், அவ்வளவுதான். அதுக்கு ரெண்டு உசுரை வைக்கணுமா? பின்பக்கம் எந்திரிச்சு ஓட்டுறவன் லோட விட்டா அந்த பின்பக்கம் டமால்னு விழும், நிக்கற ஆளு ஒண்ணு தூக்கி எறியப்படுவான், இல்ல காலு அடியில போகும். அப்புறம் ரிவர்ஸ்ல இறங்கணும்ங்கறோம், ரிவர்ஸ்ல போற வண்டிக்கு பின்னாடி ஆள ஏத்துறதா?

சூளைக்காரன்:
சரி ஆளு வேணாம், நான் மூட்டை தான சொன்னேன். இரும்பு வச்சா என்ன?

சர்வீஸ்_பையன்:
நான் சொல்றேன், இந்த வண்டிங்க ரிப்பேர் பாக்குறது தான் பொழப்பு. வெயிட்டு பின்னாடி கட்டுறதே தப்புன்னு சொல்ல மாட்டேன், கம்பெனியே நெறய மாடலுக்கு பின்பக்க வெயிட் கிட்டு குடுக்குறாங்க, போல்ட் போட்டு மாட்டுற மாதிரி, மாட்டுனா ஆர்ஓசி எவ்வளவு ஏறும்னு மேனுவல்லயே இருக்கும், பெரும்பாலும் கொஞ்சம்தான் ஏறும். அதுக்கு மேல நம்மளா இரும்ப வெல்டு அடிச்சா என்ன ஆகும்னா வெறும் வண்டியா போறப்ப பின்னாடி ஓவரு, மேடு நேரா ஏறுனா மல்லாக்க விழும். பின்கதவுல அடிச்சா கீல் தொங்கும், சேசிஸ்ல அடிச்சா விரிசல் விடும், ரேடியேட்டர் காத்து வேற அடைக்கும். பித்து களத்துல ஏற்கனவே ரேடியேட்டர் தூசில அடைஞ்சு தான் எனக்கு வண்டியே வருது, அது தனி கதை. மூட்டைன்னா குலுங்கி ஒரு பக்கமா நகரும், ராம்ப்ல நகந்தா நல்லாருக்குமா?

இந்த வண்டி இவ்ளோ குட்டையா இருக்கறதுக்கே காரணம் இருக்கு. 1957ல அமெரிக்கால மின்னசோட்டால கெல்லர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு வான்கோழி பண்ணைக்கு ஷெட்டுக்குள்ள சாணி அள்ளுறதுக்கு செஞ்ச மூணு சக்கர வண்டி தான் இதோட பாட்டன், தூணுக்கு நடுவுல சுத்தித் திரும்பணும்ங்கறது தான் வேலையே. அப்புறம் 1960ல நாலு சக்கரமாச்சு. இடத்துலயே சுத்தணும்னா சக்கரத்துக்கு நடுவுல நீளம் கம்மியா இருக்கணும், கம்மியா இருந்தா சீக்கிரம் கவுறும். ஃபோர்க்லிஃப்ட் பேலட்டுக்குன்னே பொறந்தது, இது அப்படி இல்ல.

கவுறதுக்கு இன்னும் ரெண்டு காரணம் யாரும் சொல்லல. ஒண்ணு டயர். ஒரு பக்கம் காத்து கம்மியா இருந்தா சமதளத்துலயே வண்டி சாஞ்சு நிக்கும், லோட மேல தூக்குனா அந்த சாய்வு பெருசாகும். பழைய டயர் ஒண்ணு புது டயர் ஒண்ணுன்னு கலந்து போடாதீங்க. ரெண்டாவது, ஃபோர்க் மாட்டுற குவிக் கப்ளர். லிவர் ரெண்டையும் முழுசா கீழ தள்ளுனா அடியில ரெண்டு பின்னும் ஃபோர்க் ஃபிரேமோட ஓட்டைக்குள்ள இறங்கி வெளிய எட்டிப் பாக்கணும், இறங்கி குனிஞ்சு கண்ணால பாத்துட்டு தான் லோட தூக்கணும். அந்த ஓட்டைல பித்து அடைஞ்சிருந்தா பின்னு பாதி தான் இறங்கும், லிவர் மட்டும் கீழ போன மாதிரி தெரியும். பேலட்டோட ஃபோர்க்கே கழண்டு விழுந்த வண்டி என்கிட்ட வந்திருக்கு.

தூக்கி வச்ச ஆர்முக்கு அடியில போறவங்கள பாத்தா எனக்கு வயிறு கலங்கும். ஹோஸ் வெடிச்சா, யாராவது கால் பெடல மிதிச்சா முடிஞ்சுது. ஆர்முக்கு முட்டு குடுக்குற ஸ்டாப்பர் வண்டிலயே இருக்கும், செகண்ட் ஹேண்ட் வண்டில பெரும்பாலும் அது தொலைஞ்சு போயிருக்கும், வாங்கிப் போடுங்க. அமெரிக்காக்காரன் நியோஷ்ங்கற தொழில் பாதுகாப்பு அமைப்பு 1998லயே இந்த வண்டிக்குன்னு தனி எச்சரிக்கை அறிக்கை போட்டிருக்கான், ஆர்முக்கும் பாடிக்கும் நடுவுல நசுங்குறது, வண்டி கவுறுறது ரெண்டும் தான் அதுல பிரதானம்.

தோஹா_ஆப்பரேட்டர்:
ஸ்டாப்பர் சொன்னீங்க, நல்லது. சீட் பாரையும் (ஓட்டுறவன் மடிக்கு மேல இறக்குற தடுப்புக் கம்பி) சேத்துக்கிடுங்க. நம்ம ஊர்ல வண்டி வாங்கி ஒரு மாசத்துல சீட் பார் சுவிட்ச ஒயர் போட்டு ஷார்ட் பண்ணிர்றானுவ, ஏறி எறங்க இடைஞ்சலா இருக்காம். பெல்ட்டும் கெடையாது. வண்டி கவுந்தா கேபின் ஃபிரேம் தான் காப்பாத்தும், ஆனா நீங்க அதுக்குள்ள இருந்தா தான். குதிக்கலாம்னு பாத்தா முன்னாடி வழியா தான் குதிக்கணும், ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல. பின்பக்கம் எந்திரிச்சா பெல்ட்டோட உள்ளயே உக்காந்து ஆர்ம மட்டும் இறக்கணும். அதையும் சட்டுனு இறக்கி சட்டுனு நிறுத்துனா இன்னும் மோசம், பாதில நிக்குற லோடு அதோட வெயிட்ட விட அதிகமா இடிச்சு இழுக்கும். ஒரே சீரா தரைக்கு கொண்டு போயிரணும்.

அப்புறம் அந்த பெரிய பக்கெட்டு. காஞ்ச பித்து கியூபிக் மீட்டருக்கு ஒரு நூத்தம்பது கிலோ சொச்சம் தான் இருக்கும், சரி. ஈசி (உப்பு அளவு) கொறைக்க தண்ணில அலசுன ஈர பித்து அப்படி இல்ல, அது தன் எடைக்கு பல மடங்கு தண்ணி குடிக்கும். அதே பக்கெட்ட வச்சு ஜல்லி அள்ள கூப்பிட்டாங்கன்னு பக்கத்து வீட்டு வேலைக்கு அனுப்பிராதீங்க. ஜல்லி கியூபிக் மீட்டர் 1500 கிலோ வரும், ஈர மணல் இன்னும் மேல. ஒரு யூனிட் எம் சாண்டுன்னு நாம சொல்ற 100 கன அடி நாலரை டன்னு தாண்டும், அத மனசுல வச்சு பக்கெட்ட அளந்து பாருங்க.

நெம்புகோல்:
உடுமலைக்காரரே, கடைசியா என் யோசனை. பையர்கிட்ட பேசி பேலட்டை பாதியாக்குங்க, 110 ப்ளாக்கு, கட்டையோட 570 கிலோ, 700க்குள்ள அடங்குது. உள்ள கொண்டு போய் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுக்கலாம், அடி பேலட்டோட மேல்தட்டு சமமா இருக்கணும். அவங்க ஒத்துக்கலைன்னா லோடிங் இருக்கற அன்னைக்கு மட்டும் 3 டன் ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு எடுங்க, ஆனா அது மண் களத்துல ஓடாது, காங்கிரீட் தளம் வேணும். பாப்கேட்டோட கன்டெய்னருக்குள்ள போறதா இருந்தா ட்ரெய்லர்ல ஹெட் (இழுக்கற லாரி முன்பக்கம்) கழட்டாம இருக்கணும், சக்கரத்துக்கு கட்டை போடணும், வெறும் ட்ரெய்லர் கால்ல நிக்கும்போது ஒரு ஓரத்துல நாலு டன் ஏறினா ட்ரெய்லரே கவுறும். உள்ள போய் திருப்பவே கூடாது, டயர் தேய்ச்சு ப்ளைவுட் தரை பிச்சுக்கும், புகையும் அடையும்.

சூளைக்காரன்:
எல்லாரும் சேந்து என்ன அடிக்கறீங்க. ரிவர்ஸ்ல இறங்குற விஷயம் எனக்கு தெரியாது, நாளைக்கு எங்க ஆளுகிட்ட சொல்றேன். மூட்டைய எடுக்க மாட்டேன், ஆனா அத கட்டி தான் வச்சிருக்கேன், நகராது.

சர்வீஸ்_பையன்:
கட்டுறதுக்கு என்ன கயிறு போட்டிருக்கீங்கன்னு ஒரு போட்டோ போடுங்க அண்ணே.

உடுமலை_நார்மில்:
பையர்கிட்ட மெயில் போட்டாச்சுங்க, ஹாஃப் பேலட் ஓகேன்னுட்டாங்க, கட்டை செலவு மட்டும் கூடுது. ராம்ப் அடியில காங்கிரீட் நீட்டறதுக்கு கொத்தனார வரச் சொல்லியிருக்கறேன். வெல்டிங்க அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லி ஒத்துக்க வச்சாச்சு, கொஞ்சம் கோவந்தான். ஆர்ம் ஸ்டாப்பர் எங்க வண்டில இல்லீங்க, சர்வீஸ்_பையன் சொன்னது சரிதான். அது தனியா கெடைக்குமா, இல்ல ஐ-பீம் வெட்டி நாமளே செஞ்சுக்கலாமுங்களா?

சர்வீஸ்_பையன்:
செய்யாதீங்க. சிலிண்டர் ராடு மேல உக்கார்ற மாதிரி சரியான நீளத்துல வரும் அது, மாடலுக்கு மாடல் வேற. சேசிஸ் நம்பர வச்சு டீலர்கிட்ட கேட்டா பார்ட் நம்பர் எடுத்து குடுப்பாங்க. வர்ற வரைக்கும் ஆர்ம தரையில வச்சுட்டு தான் கிரீஸ் அடிக்கணும்.